மங்குத் தண்ணீரும் ஒரு கொசு மண்டோரும்

1. வாய்க்காலுக்கு எண்ணெய்

அடுத்த முறை தான் வரும்போது தோட்டத்தில் ஒரே ஒரு ஆள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவதாக ஜப்பானிய அதிகாரி நீட்டி முழக்கினார். சிரம்பான் ஊரிலிருந்து கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சுருக்கினார்:

"காச்சல் இருந்தா நீ சயாம்லா."

எனக்கு அதுவே தாராளமாகப் புரிந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றி அதுவரை நல்ல சேதியோ கெட்ட சேதியோ எதுவும் வந்திருக்கவில்லை.

அப்போது நான் சுவா என்ற ஊரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் கொசு மண்டோர். மண்டோர் என்றால் கங்காணி, ஆனால் நான் பெயரில்தான் மண்டோர். எனக்குக் கீழே ஆள் கிடையாது, முதுகில் ஒரு பம்பு மட்டும் உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் வாய்க்கால், சதுப்பு, குட்டை எல்லாவற்றிலும் மலேரியாவுக்கு எண்ணெய் அடிப்பேன். ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், அவரோடு எண்ணெயும் போய்விட்டது. பட்டுப்போன லாரிகளின் வயிற்றிலிருந்து கறுப்பு எண்ணெயை வடித்து அடித்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் தார் ரோடு மாதிரி மினுங்கும். அதைப் பார்த்து நானே மயங்கி நிற்பேன்.

ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் காய்ச்சல் குறையவில்லை. வீட்டுக்கு ஒருவராவது முனகிக்கொண்டு கிடந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் ஆரோக்கியம் கையிருப்பில் இருந்த மலேரியா மருந்தான கொயினாவைக் கொடுத்துப் பார்த்தார். வாய் கசந்ததுதான் மிச்சம்.

அதிகாரி போன மறுநாள் டிரஸ்ஸர் என்னை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"மாரிமுத்து, இது மலேரியா இல்லடா. எலும்பெல்லாம் முறியுதுங்கறான். கண்ணுக்குப் பின்னால குத்துதுங்கறான். ஒடம்பு பூரா செவப்பா தடிப்பு. இதப் பரப்புறது ஒன்னோட வாய்க்கா கொசு கெடயாது. இது பட்டப்பகல்ல கடிக்கும். கால்ல வெள்ள வளையம் போட்டிருக்கும். நல்ல தண்ணியில முட்ட விடும். நீ பாட்டுக்கு சாக்கடைக்கு அபிஷேகம் பண்ணிக்கிட்டிருக்க."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா, ஐயா?"

"நீ எங்கடா கேட்ட? பம்பு முதுகுல ஏறிட்டா ஒனக்குக் காது அடைச்சுப்போகுது."

இன்று டிங்கி என்கிறார்களே, அதுதான். இருவரும் நல்ல தண்ணீரைத் தேடிக் கிளம்பினோம். லயத்துத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி மூடினோம். அப்போதும் பகலில் கொசு கடித்தது. கடைசியில் மரக்காட்டுக்குள் போனபோதுதான் இருவரும் வாயைப் பிளந்தோம்.

ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் வாங்க ஆளில்லை. பாலுக்காக மரப்பட்டையைக் கீறுகிற மரம் வெட்டு நின்றுபோய், ஜனங்கள் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கு மட்டும் ஒவ்வொரு மரத்திலும் அப்படியே நிமிர்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் பளிங்கு மாதிரி மழைத் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீரிலும் கூத்தாடிப் புழு தலைகீழாக நின்று ஆடிக்கொண்டிருந்தது. நான் வாய்க்காலைக் காவல் காத்த காலமெல்லாம் கொசு மலைமேல் பங்களா கட்டிக் குடியிருந்திருக்கிறது.

2. அஞ்சலையின் நெரை

உடனே வீரனாகிவிட்டேன். தனியாகப் போய், மங்கு மங்காகக் கவிழ்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"யார்யா அது, என் நெரையில கை வக்கிறது?"

அஞ்சலை அக்கா. மரம் வெட்டுகிறவர்களில் கை வேகமும் வாய் வேகமும் அவருக்குத்தான் முதல். ஒரு ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசைதான் நெரை. அடுத்தவர் நெரையில் மங்கைத் தொட்டால் பால் திருடன் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். பால் இல்லாத மங்குக்கும் அந்தச் சட்டம் உண்டு என்பதுதான் தெரியாது.

"அக்கா, புழு இருக்கு. அதான் கவுத்தறேன்."

"கவுத்தறியா? கெழட்டு மரம், இனி வெட்டு இல்லன்னாதான்யா மங்கக் கவுப்பாங்க. நாளைக்குத் தொரை திரும்பி வந்து பாத்தா, அஞ்சல இந்த நெரைய வேணாம்னு விட்டுட்டான்னு வேற ஆளுக்குக் குடுத்துருவான். அப்புறம் நான் ஒன் பம்ப முதுகுல கட்டிக்கிட்டு அலையவா?"

அதற்குள் மரவள்ளிக் காட்டிலிருந்து பெண்கள் கூடிவிட்டார்கள். நான் மங்குத் தண்ணீரைக் காட்டி, முட்டை, புழு, கொசு, காய்ச்சல் என்று பிரசங்கம் செய்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசி அஸ்திரமாக உண்மையைச் சொன்னேன்.

"காய்ச்சல் நிக்கலன்னா என்னச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவான், அக்கா."

"நீ போனா எங்களுக்கு என்ன நட்டம்? வாய்க்காத் தண்ணியாவது வெளுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அஞ்சலைதான் முதலில் நிறுத்தினார். பக்கத்து மரத்து மங்கை எடுத்துப் பார்த்தார். அவருடைய மகளும் அப்போது காய்ச்சலில்தான் கிடந்தாள்.

"தண்ணி நிக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப சாய்ச்சு வச்சா போதும்ல?"

மழை வந்தால் மங்கில் தண்ணீர் சேராமல், மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியிலேயே சாய்த்து வைப்பது அவர்கள் வழக்கம். கவிழ்த்த மங்கு என்றால் மரம் முடிந்தது. சாய்த்த மங்கு என்றால் மழை விட்டதும் ஆள் வரும்.

"ஜப்பான்காரனும் ஒரு மழதான்யா. விடாமலா பேஞ்சுக்கிட்டிருப்பான்?" என்றார் அஞ்சலை.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்றே அவரவர் நெரைக்கு அவரவர் போய்த் தண்ணீரைக் கொட்டி மங்கைச் சாய்த்தார்கள். நான் ஒன்றையும் தொடவில்லை. அவர்கள் தொட விடவும் இல்லை.

3. ஆளில்லாத நெரைகள்

சயாமுக்குப் போனவர்களின் நெரைகள் மட்டும் பாக்கி நின்றன. அவர்கள் மனைவிமார் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏற்கெனவே திண்டாடினார்கள். வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டேன். ஒரு பெண், "அவரு வந்தா யாரு தொட்டதுன்னு கேப்பாரு. நான் சொல்லிக்கறேன், நீங்க சாய்ங்க," என்றார். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்த நெரைகளை நானே சாய்த்தேன். துணிப் பஞ்சக் காலம். கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டை முழங்காலோடு நின்றுவிடும். மேலே சட்டை கிடையாது. குடியிருப்பை இழந்த கொசுக்கள் எல்லாம் என்மேல் வந்து உட்கார்ந்து நியாயம் கேட்டன. அடிக்கக் கை ஒழியவில்லை.

லயத்தில் ஒவ்வொருவராக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை. டிரஸ்ஸர் முகத்திலேயே சிரிப்பைப் பார்த்தேன்.

அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்த அன்று காலை எனக்குக் கண்ணுக்குப் பின்னால் குத்தியது. எழுந்து நிற்கப் பார்த்தேன். எலும்பு ஒத்துழைக்கவில்லை.

ஆட்களை வரிசையில் நிறுத்தி அதிகாரி பார்த்திருக்கிறார். எல்லோரும் திடகாத்திரம். "காய்ச்சல் யாருக்கும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். டிரஸ்ஸருக்குப் பொய் வராது, மௌனம்தான் வரும். அஞ்சலைக்கு மௌனம் வராது.

"ஒரே ஒரு ஆளுக்குத்தாங்க. கொசு மண்டோருக்கு."

பூட்ஸ் சத்தம் என் அறை வாசலில் வந்து நின்றது. உடம்பெல்லாம் சிவந்து, இறக்கிவைத்த பலாப்பழம் மாதிரி கிடந்தேன். ரயில் ஏறத் தயாராகிவிட்டேன், ஏற்றிவிடத்தான் நாலு பேர் வேண்டும்.

"தொத்திக்குமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ரயில்ல கொசு இருந்தா ஒரு பெட்டிக்கே பரவும்," என்றார் டிரஸ்ஸர். அது பொய்யும் இல்லை.

அதிகாரி ஓரடி பின்னால் போனார். என்னைப் பார்த்தார், முதுகில்லாமல் மூலையில் கிடந்த பம்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்து, நீளமாக ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் வழக்கம்போலச் சுருக்கினார்: "நீ சயாமுக்குக்கூட லாயக்கில்லலா."

அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். யாரும் என்னை இவ்வளவு இனிமையாகத் திட்டியதில்லை.

சுகாதார வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் தேங்குகிற எதையும் விட்டுவைக்காதீர்கள். ஆனால் கை வைக்குமுன் அது யாருடையது, அதை ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் அவர்களே கொட்டிவிடுவார்கள். அப்புறம், தயவுசெய்து முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.