கொடியில் காய்ந்த வெள்ளைப் பை

ஐம்பதுகளில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் மாட்டில் கறந்து மீந்த பாலை விற்கலாமென்றால், போடிக்குப் போய்ச் சேருமுன் கெட்டுவிடும். அதனால் எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பால்கட்டி செய்வேன். மாமியாருக்குப் பிடிக்காது.

ஒருநாள் வடிகட்டும் துணி கிழிந்துவிட்டது. கொடியில் மெல்லிய வெள்ளைப் பை ஒன்று காய்ந்தது. வெளியே ஆட்களோடு நின்ற என் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அதிலேயே ஊற்றித் தொட்டில் கொக்கியில் மாட்டினேன். கீழே சொட்டிய தண்ணீரை நக்கிய பூனை, சற்று நேரத்தில் கைகால் உதறி விழுந்தது. பிள்ளைகளோ பால்கட்டிக்காகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் அலறலைக் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர், "அடியே, இது செடிக்குப் பூச்சிமருந்துப் பொடி தட்டுற பை! இப்பத்தான் அலசிப் போட்டேன்" என்று பதறினார். பூனை பிழைக்கவில்லை. பால்கட்டியைக் குழிதோண்டிப் புதைத்தோம்.

"வெள்ளைக்காரன் தீனி வேணாம்னேன், கேட்டியா? இனிமே இந்தச் சோலியே கூடாது" என்றார் மாமியார்.

எதிர்த்துப் பேசி அறியாதவள் நான். அன்று, "துணியை மாத்துறேன் அத்தை. சோலியை விடமாட்டேன்" என்றேன்.

என் சேலையில் கிழித்த துணிக்குச் சிவப்பு நூலால் ஓரம் தைத்து, அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டேன். கொடியில் கிடப்பதை இப்போதெல்லாம் கேட்காமல் தொடுவதில்லை; கேட்கக் கூச்சப்படுவதுமில்லை. பால்கட்டி நேற்றும் செய்தேன்.