முதுகும் திகன பஸ்ஸும்

மார்பில் புற்றுநோய் வந்து, வெட்டியெடுத்துச் சில வருடங்களுக்குப் பிறகு முதுகு வலித்தது. பழியை, கண்டிக்குப் போய்வரும் திகன பஸ்ஸில் போட்டேன். சீற் சரியில்லையென்று கண்டக்டரோடு சண்டைகூடப் பிடித்தேன். கண்டி கிளினிக்கில் டொக்டர், "வேற வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஒண்ணும் இல்லங்க" என்பேன். மார்பு பார்க்கிறவரிடம் முதுகைச் சொல்வது மரியாதையில்லை என்பது என் ஞானம். முதுகுக்குத் தனியாக எண்ணெய் வைத்தியர் வைத்திருந்தேன்.

ஒருநாள் கிளினிக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் அகப்பட்டேன்.

"படுத்தா குறையுதா?" என்றார் டொக்டர்.

"படுத்தாத்தாங்க கூடுது."

பேனையைக் கீழே வைத்தார். ஸ்கேன் எடுத்ததில், புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

அதே பஸ்ஸில் திரும்பினேன். பள்ளத்தில் தூக்கிப்போட்டது. கண்டக்டரோடு சண்டை பிடிக்கவில்லை. வலியெல்லாம் இந்தப் பஸ்ஸாலேயே வந்திருக்கக்கூடாதா என்றிருந்தது.