ரதிக்கு வைத்த பஞ்சு

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: '1985 பெப்ரவரி 22, வெள்ளி. காமன் ஊன்றினார்கள். அம்மா துண்டு கொண்டு வந்தார்.'

துண்டு என்றது, டவுன் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு. அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி. அதில் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க மார்ச் 8, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரியும். எனக்குச் சொன்னது, "அம்மாவுக்கு ஒரு ஊசி போடணும்" என்பது. துண்டிலிருந்த திகதியை வாசித்துச் சொன்னது நான் என்பதில் எனக்குப் பெருமை வேறு. இடையில் பதினான்கு நாட்கள்.

காமன் என்பது இலங்கை மலையகத்தில், இரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மாசிக் கூத்து. கம்பம் ஊன்றித் தொடங்கி, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். ரதி ஒப்பாரி வைப்பாள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு மாசி வெறுமனே போயிருந்தது. அதனால் அந்த வருடம் லயம் லயமாக, வரிசை வீடுகள் அத்தனையிலும், எல்லோரும் காத்திருந்தார்கள், முக்கியமாக அப்பாவுக்காக. பகலெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற அவர், சேலை கட்டி நின்றால் தோட்டத்துப் பெண்களே பொறாமைப்படும் ரதி.

துண்டு வந்த அன்றே, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி கூத்து மாஸ்டரிடம் சொல்லப் புறப்பட்டார் அப்பா. அம்மா வாசலை மறித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? போய் ஆடுங்க. எனக்குப் பாக்கணும்."

ரதியின் உடுப்பு எப்போதும் அம்மாவின் பொறுப்பு. தன் கூறைச் சேலையையும் ரவிக்கையையும் கொடுப்பார். ரவிக்கைக்குள் வைக்க இலவம் பஞ்சில் இரண்டு உருண்டைகள் தைப்பார். மற்ற வருடங்களில் அது ஒரு மாலை வேலை. அந்த வருடம் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் கூடையை மூலையில் வைத்து, தேநீர்கூடக் குடிக்காமல் ஊசியை எடுப்பார். தைப்பார், உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார், பிரிப்பார், பஞ்சைக் கோதி மறுபடி தைப்பார். விரல் நுனியால் அழுத்தி அழுத்தித் தேடுவார். பஞ்சில் விதை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். ஏழு தடவை பிரித்தார், எண்ணி எழுதியிருக்கிறேன். ஒரு வேஷத்துக்கு இவ்வளவு நுணுக்கமா என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லய அறையான காம்பராவில் ஏதோ மகத்தான காரியம் நடக்கிறது என்பது மட்டும் விளங்கியது.

மார்ச் 6, புதன்; பௌர்ணமிப் போயா விடுமுறை. பிற்பகலில் அப்பாவுக்கு வேஷம் போட்டார்கள். உருண்டைகளை வைத்துவிட்டு அம்மா தள்ளி நின்று பார்த்தார்.

"ஏங்க, எடது பக்கம் கொஞ்சம் எறங்கிருக்கு."

"இருந்துட்டுப் போகுது புள்ள."

"அதெப்படி? ரதிக்கு ரெண்டும் சரியா இருக்கணும். நமக்குத்தான் எப்படி இருந்தா என்ன?" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. மை தீட்டிய முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டார்.

"அடச்சீ, பவுடரு போச்சு. பாப்பா பாக்குறா, நிமிருங்க."

பாடுபட்டுப் போட்ட பவுடரைக் கெடுத்ததற்காக நானும் அப்பாவை ஒரு பாட்டம் திட்டினேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கையில் என்னை எழுப்பிக் காமன் பொட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். காமன் எரிந்து முடிந்திருந்தது. தப்புச் சத்தத்துக்கு நடுவே ரதி சாம்பலருகே மண்டியிட்டு ஒப்பாரியைத் தொடங்கினார். நாலு அடி வழக்கமான பாட்டு. பிறகு மாஸ்டர் எடுத்துக் கொடுத்த வரி ஒரு பக்கம் போக, அப்பா வேறெங்கோ போனார்.

"என்னைய இங்க விட்டுட்டு நீ மட்டும் போயிருவியா? நான் எப்படி இருப்பேன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா?"

மாஸ்டரின் வாய் நின்றது. தப்படிக்கிறவர் குச்சியை இறக்கினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். சிரித்துக் கலாட்டா பண்ணவென்றே வந்திருந்த இளவட்டங்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "மனுசன் இல்லடா, ரதியே எறங்கிட்டா" என்றார் பக்கத்தில் நின்ற கங்காணி.

அம்மா மட்டும் அழவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது: "போதுங்க... போதும்."

ஏப்ரல் 3, புதன்கிழமை முடிவு வந்தது; கெட்ட கட்டி இல்லை. அதன்பின் இருபத்திரண்டு வருடம் அம்மா எங்களோடு இருந்தார். அப்பா மறுபடி ரதி வேஷம் கட்டவேயில்லை. பேர் வாங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று தோட்டம் பேசியது.

அந்த நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் எழுதியதிலேயே ஆகப் பிழையான பதிவு அதில் உள்ளது. அடித்துத் திருத்த மனமில்லை. '1985 மார்ச் 7, வியாழன். அப்பா மிக நன்றாக நடித்தார். அம்மாவுக்குக் கூத்துப் பார்க்கத் தெரியவில்லை.'