சூசையப்பரும் மாதாவும் பேசிக்கொள்ளவில்லை

நகைச்சுவை எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்கள் மாதா கோயில் பங்குக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் பங்குச் சாமியார் கூப்பிட்டார். "வாராவாரம் பத்திரிகைல என்னென்னமோ எழுதுற. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாடகம் எழுதிக் குடும்மா. சனங்க சிரிக்கணும்."

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். டிசம்பர் கடைசியில் எங்கள் பாண்டியில் ரூம் கிடைக்குமா? சென்னைக் கார்களும் பெங்களூர்க் கார்களும் ஊரை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து நிறைமாத மாதாவும் அவர் கணவர் சூசையப்பரும் இங்கே வந்து, இடம் கேட்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினால்... நாலு நாளில் எழுதி முடித்துவிட்டேன். எழுதும்போது நானே சிரித்தேன். அப்புறம் நான் சிரிக்கவேயில்லை.

சாமியார் மருந்துச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு முழுவதையும் படித்தார்.

"சிரிக்கலாம்மா. ஆனா மாதாவப் பாத்து சிரிக்கக் கூடாது. சூசையப்பரப் பாத்தும் கூடாது. றெக்க வச்ச சம்மனசு, பரிசு கொண்டார மூணு ராஜாக்கள்... அதுவும் வேணாம்."

"பின்ன யாரப் பாத்து சாமி சிரிக்கிறது?"

கொஞ்சம் யோசித்தார். "கழுதை இருக்குல்ல?"

கழுதைக்கு நான் வசனமே எழுதவில்லை.

ஒரு வழியாகச் சமாதானம் பேசி ஒத்திகைக்குப் போனால், மூத்த ராஜா காத்திருந்தார். ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். தன் வசனம் முழுவதையும் பிரெஞ்சில்தான் பேசுவாராம். "ஜோக்கு யாருக்கும் புரியாதே சார்" என்றேன். "புரிஞ்சவங்க சிரிப்பாங்க" என்றார்.

ஆனால் இதெல்லாம் ஒரு தொல்லையே இல்லை. நிஜத் தொல்லை சூசையப்பரும் மாதாவும்தான்.

சூசையப்பர் வேஷத்துக்கு அருள். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. சொந்தத் தாடி. மாதா வேஷத்துக்கு அவன் மனைவி ரீட்டா. சாமியாரின் தேர்வு. "புருசன் பொண்டாட்டியா இருந்தா வெளிய பேச்சு வராதும்மா" என்றார். பேச்சு வரவில்லைதான். அவர்களுக்குள்ளேயே வரவில்லை. முதல் நாள் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, அவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்பாள் ரீட்டா. அவன் இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறான்.

"அக்கா, அவங்க வசனத்த மறந்துட்டாங்கன்னு சொல்லுங்க" என்பான் அருள்.

நான் இயக்குநரா, தபால்காரியா? மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ரீட்டாவைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

அவள் அப்பா முதலியார்பேட்டையில் தனியாக இருந்தவர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, நம்ம வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றிருக்கிறாள் ரீட்டா. இருப்பதே இரண்டு ரூம், இதில் எங்கே படுக்க வைப்பது என்றிருக்கிறான் அருள். கடைசியில் விழுப்புரத்தில் இருக்கும் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே மாடி அறை. மனுஷன் படியிறங்க முடியாமல் கிடக்கிறார்.

"ஒரு மூலை குடுத்தாப் போதும்மான்னு போன்ல அழுவுறாருக்கா. அன்னிலேருந்து இவர்கிட்ட நான் பேசறதில்ல. நாடகத்துல பேசறதோட சரி."

அருளிடமும் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு மட்டும் மனசில்லையாக்கா? எடம் எங்க இருக்கு?" என்றான். தாடியைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஆளை மாற்றலாமா என்று யோசித்தேன். அங்கி தைத்தாகிவிட்டது. அந்த மாதிரித் தாடி வேறு யாருக்கும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயந்திரம் நாடகம். பங்கு மன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. முதல் லாட்ஜ் காட்சி... சிரிப்பில்லை. இரண்டாவது லாட்ஜ்... யாரோ இருமினார்கள். நான் நாலு நாள் செதுக்கிய ஜோக்குகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. திரைக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது லாட்ஜ். வரவேற்பாளராகச் சவரி. நிஜத்திலும் ஒரு லாட்ஜில் அதே வேலைதான்.

"ரூம் இல்லீங்க. நியூ இயர் வரைக்கும் ஃபுல்லு."

"வயித்துப் புள்ளக்காரிங்க" என்றான் அருள். "ஒரு மூலை குடுத்தாப் போதும். சுருண்டு படுத்துக்குவோம்."

இது என் வசனம். ரீட்டாவின் கதை தெரிவதற்கு முன்பே எழுதியது. ஒத்திகையில் இந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, 'வாங்க, வேற எடம் பாக்கலாம்' என்று முணுமுணுப்பாள். அன்றைக்குத் தலை நிமிர்ந்தது.

"எங்கப்பாவும் ஒரு மூலைதான் கேட்டாரு."

அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. சவரி பாவம், ஒன்றும் புரியாமல், பழக்க தோஷத்தில் கேட்டான்:

"அப்பாவும் வராராம்மா? அப்ப மூணு பேராச்சே. எக்ஸ்ட்ரா பெட்டு கெடையாது."

மன்றம் அதிர்ந்தது. அவ்வளவு சிரிப்பு. வாத்தியார் ராஜாகூடத் தமிழில் சிரித்தார்.

அருள் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கும் வரை நின்றான்.

"வரட்டும்" என்றான்.

"யாருங்க?" என்றான் சவரி.

"மாமாதான். நாளைக்கே போயி கூட்டியாந்துடறேன். ஹால்ல கட்டில் போட்டுக்கலாம்."

"ஹாலா? இது லாட்ஜுங்க."

மறுபடியும் சிரிப்பு. ரீட்டா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முன் வரிசைப் பெண்கள், "என்னா நடிப்புடி" என்றார்கள். நாடகம் இனி பெத்லகேம் போய்ச் சேருமா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் கழுதையை மேடைக்குள் தள்ளிவிட்டேன்.

முடிந்ததும் சாமியார் வந்தார். "மாதாவோட அப்பா சுவக்கீன். அவரு பெத்லகேமுக்கு வந்ததா எந்த நற்செய்தியிலும் இல்லியேம்மா."

"தெரியும் சாமி."

வாசல் வரை போய்த் திரும்பினார். "வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த அப்பா வசனம் பிரமாதமாம். எப்படித்தான் எழுதினீங்களோ என்றார்கள். நான் எழுதிய முப்பது பக்கத்தில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில்லை. என்ன செய்யட்டும்? நன்றி என்றேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, ரீட்டாவின் அப்பாவைப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அருள் அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"நீதான் அந்த நாடகத்த எழுதுனதாம்மா?"

இந்த ஒருவரிடமாவது பாராட்டை உரிமையோடு வாங்கிக்கொள்ளலாமே என்று, "ஆமாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹால்ல டிவி சத்தம் தாங்கல. உள் ரூமுன்னு எழுதியிருக்கக் கூடாதா?"