கட்டருக்குப் புளி போட்ட கதை

தங்கராசு வீட்டு மில்லிங் மெஷினைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது ஓடித்தான் யாரும் பார்த்ததில்லை. கடலூர் முதுநகரில் ஒரு படகுப் பட்டறையை மூடியபோது, அங்கே ஃபிட்டராக இருந்த தங்கராசு அந்த மெஷினைப் பழைய இரும்பு விலைக்குப் பேசி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லைக் கொட்டகையில் இறக்கிவிட்டார். மோட்டார் இருந்தது, பெல்ட் இருந்தது. இரும்பைச் சீவும் கட்டர்தான் இல்லை. கட்டர் இல்லாத மில்லிங் மெஷின் பொக்கை வாய்தான். என்னத்தை மெல்லும்? அவர் மனைவி ஞானாம்பாள் துணிக்கொடியின் ஒரு முனையை அதன் கழுத்தில் கட்டிவிட்டாள்.

"சும்மா நிக்கிறதுக்கு இதையாவது செய்யட்டும்" என்றாள்.

அது அறுபத்து நாலாம் வருஷம். சீமைக் கட்டர் புதிதாக வாங்க வேண்டுமானால் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். தனக்கோடியின் இரும்புக் கடையில் மலிவாக மூன்று கட்டர்கள் மரப்பெட்டிக்குள் பளபளவென்று இருந்தன. தங்கராசு மடியிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்து, ஒன்றின் ஓரத்தில் லேசாக இழுத்தார். அரம் கடித்தது. அரம் கடிக்கிற இரும்பு, இரும்பை எங்கே கடிக்கப்போகிறது?

கடை மேஜையில் பில்லுகள் பறக்காமல் இருக்க ஒரு பழைய கட்டரை வைத்திருந்தார்கள். முனையெல்லாம் மழுங்கிப்போன சீமைச் சரக்கு. அதில் இழுத்தால் அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதக் குடுங்க."

"யோவ், அது மொக்கையா பூட்டதுய்யா!" தனக்கோடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"மொக்கைய நான் பாத்துக்கறேன். எஃகு நல்லா இருக்குது."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் சாணைச் சக்கரமும் அவருமாக உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு பல்லாகக் கூர் தீட்டினார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு பொறுமையாக நகம் வெட்டியிருக்க மாட்டார்கள். ஞானாம்பாள் முதலில் முணுமுணுத்தாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவளாகவே கேட்டாள்: "இதையும் சாமிகிட்ட வைக்கட்டுமா?"

மெஷினைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. தங்கராசுக்குத் தலைகால் புரியவில்லை. பூசணிக்காய் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவர் திரும்பி வருவதற்குள் அவள் குத்துவிளக்கோடு சேர்த்துக் கட்டரையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, ஈரச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துவிட்டாள். பூஜைக்கு எடுத்து வைத்ததைப் பூஜைக்கு மறுநாள்வரை தொடக்கூடாது. விஜயதசமி காலையில் தங்கராசு எடுத்துப் பார்த்தபோது, சந்தனத்துக்கு அடியில் கட்டர் செக்கச்செவேல் என்று துருவேறிக் கிடந்தது. புளியும் உப்புக்காற்றும் கூட்டுச் சேர்ந்து முனைகளை அரித்திருந்தன. அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"எப்படித் தேச்சிருக்கேன் பாத்தீங்களா?" என்றாள் ஞானாம்பாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"பாத்தேன் புள்ள" என்று துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அண்ணன் நடனசபாபதி சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினான். தோளில் கோணி சுற்றிய இரும்புத் தண்டு. தண்ணீர் இறைக்கும் இஞ்சினின் தண்டு முறிந்து, புதிது கடைந்தாகிவிட்டது. சக்கரம் வழுக்காமல் தண்டோடு பூட்டுகிற சாவிக்கட்டை உட்காரும் நீளப் பள்ளம், அதாவது காடி, மட்டும் வெட்ட வேண்டும்.

"பட்டறையெல்லாம் பூச போட்டுப் பூட்டிட்டானுவ மாப்ள. நாளைக்குத் தண்ணி பாயலன்னா நாத்தங்கால் கருகிப் பூடும். உங்கள வுட்டா ஆளில்ல."

கட்டர் கெட்டுவிட்டது என்று சொன்னால், அண்ணன் நாற்று கருகியது தன் கையால்தான் என்று ஞானாம்பாள் சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பாள். தங்கராசு துண்டோடு கட்டரை எடுத்துக்கொண்டார். கொட்டகைக்குள் போய்ச் சாணையைச் சுற்றினார். அரிப்பு போக முனையைத் தீட்டினார், பக்கங்களையும் தீட்டினார். கூர் வந்துவிட்டது. ஆனால் கட்டர் ஒரு மயிரிழை மெலிந்துவிட்டது.

பெல்ட்டை மாட்டினார். மெஷின் உறுமியது. தண்டில் வரிவரியாக இரும்பு சுருண்டு விழ, காடி விழுந்தது. நடனசபாபதி சாவிக்கட்டையை வைத்து அழுத்திப் பார்த்தான். போகவில்லை. அவன் முகம் விழுந்துவிட்டது. காப்பி டம்ளரோடு நின்ற ஞானாம்பாள், "ஆவலியா?" என்றாள் மெதுவாக.

"இரு" என்றார் தங்கராசு. அகலமான கட்டரால் குறுகலான காடி வெட்ட முடியாது. ஆனால் மெலிந்த கட்டர் இரண்டு தரம் போனால் எந்த அகலமும் வரும். தண்டைப் பிடித்திருந்த மெஷின் மேஜையை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி ஓட்டினார். இந்தத் தரம் மரச்சுத்தியால் ஒரு தட்டு. சாவிக்கட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

"மாப்ள!" என்று அவரைக் கட்டிக்கொண்டான் நடனசபாபதி. காப்பியைக்கூடக் குடிக்காமல் ரயிலுக்கு ஓடினான்.

தங்கராசு கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஞானாம்பாள் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்தாள்.

"இதைத் தடவி வைங்க. துரு புடிக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வை பக்கத்தில் கிடந்த துண்டின் சிவப்புக் கறையில் இருந்தது.

"அருவாமனைக்கே நான் புளி போட மாட்டேங்க. அன்னிக்கு இருந்த சந்தோஷத்துல மறந்துட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "காலையிலயே ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாமில்ல?"

அவருக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அந்தக் காலத்து மனுஷன், அதைச் சொல்லத் தெரியாமல் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

ஞானாம்பாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷின் பக்கம் போனாள். அதன் கழுத்திலிருந்த துணிக்கொடி முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைக் கையில் பிடித்தபடி வேறு இடம் தேடிக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள்.

தங்கராசு ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.