ரவிக்குமார் பிளஸ் ஒன்

ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் துரத்திக்கொண்டு கணவர்கள் பதினெட்டுக் குழி சுற்ற ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை மனைவிமார்களை என்ன செய்வது? இந்த உலகப் பிரச்சினைக்கு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்து டிராவல்ஸ் ஒன்று கண்டுபிடித்த தீர்வுதான் லோகப்பிரியா. கல்வெட்டுப் படிப்பில் டிப்ளமா வாங்கியவள். வருடத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வரும் கோல்ஃப் குழுவின் வீட்டம்மாக்களை வேனில் ஏற்றி, அவிநாசிப் பக்கம் ஒரு பழைய சிவன் கோயிலைக் காட்டி, பட்டுக்கடையில் இறக்கிவிட வேண்டும். கோயிலுக்கு நாற்பது நிமிடம், பட்டுக்கு இரண்டரை மணி நேரம். சரித்திரத்துக்கு அது போதுமாம்.

நாலு வருடமாக ஒரு அக்காவுக்கு மட்டும் அது போதவில்லை. மற்றவர்கள் கோபுரத்தோடு செல்ஃபி எடுக்கும்போது, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்சுவரடியில் குந்திவிடுவார். லோகப்பிரியா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எழுத்துக் கூட்டுவாள். சொந்த வீட்டில்கூட அவளிடம் கல்வெட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வருடம் பார்த்தது, கோயில் விளக்குக்குப் பொன் கொடுத்த ஒருத்தியைப் பற்றிய வரி.

"இன்னார் மகள்னு இருக்கு, இன்னார் பொண்டாட்டின்னு இருக்கு. அவ பேரு எங்க லோகா?" என்றார் அக்கா.

பெயர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"அடுத்த வருசத்துக்குள்ள கண்டுபுடிச்சுப்போடறனுங்க்கா."

கண்டுபிடித்தும் விட்டாள். காந்திபுரத்தில் பஸ் ஏறி நாலு முறை தனியாகப் போய், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து. பெயர் உய்யவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அக்கா கேட்க வேண்டும்.

இந்த வருடம் வேனில் அக்கா இல்லை. பட்டியலில் 'ரவிக்குமார் பிளஸ் ஒன்' என்ற வரியும் இல்லை. ஆடுகிறவர் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கும் பட்டியல் அது. மனைவி பிளஸ் ஒன்.

கோயில் வாசலில், குழுவிலேயே இளையவளான ஹர்ஷிணியிடம் கேட்டாள்.

"ரவிக்குமார் அங்கிளா? ஆகஸ்ட்ல தவறிட்டாரே. ஆன்ட்டி இனிமே எப்படி வருவாங்க? இது கோல்ஃபர்ஸ் குரூப் இல்லையா?"

"அக்கா நம்பர் இருக்குங்களா?"

"அங்கிள் நம்பர்தான் எல்லார்கிட்டயும் இருக்கு."

அது பழைய பட்டியலிலும் இருந்தது. பின்சுவரடியில் நின்று போட்டாள். ஒரு ஆண்குரல் எடுத்தது.

"ரவிக்குமார் சார் ஊட்டம்மாகிட்டப் பேசணுமுங்க. கோயமுத்தூர் கைடு லோகப்பிரியாங்க. ஒரு பேரு சொல்லணும், அவ்வளவுதானுங்க."

"அப்பா போனதுலேர்ந்து தினம் இப்படி ஒரு போன். பேங்க்குன்னு ஒருத்தன், இன்சூரன்ஸ்னு ஒருத்தி. சரி, எங்கம்மாவைத் தெரியும்னா அவங்க பேரைச் சொல்லுங்க, பார்க்கலாம்."

வாயைத் திறந்தாள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவளின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. அக்காவுக்குப் பெயர் இல்லை. நாலு வருடமும் அவள் கேட்டதே இல்லை.

"அக்கான்னுதானுங்க கூப்புடுவேன்..."

"அதானே பார்த்தேன்."

மறுபடி போட்டாள். போகவில்லை. இன்னொரு முறை போட்டாள். நம்பரைத் தடுத்துவிட்டிருந்தான்.

"ஏனுங்க்கா, எல்லாரும் ஏறியாச்சுங்க. பட்டுச்சேலை ஓடிப்போயிருமுங்க!" என்று டிரைவர் சஹீர் சத்தம் கொடுத்தான்.

"வாரேன் கண்ணு."

வேன் கிளம்பியதும் ஹர்ஷிணி மரியாதைக்குக் கேட்டாள். "அந்தச் சுவர்ல ஏதோ எழுதியிருந்துச்சே, என்னங்க அது?"

"விளக்குக்குப் பொன் குடுத்திருக்காங்க."

"யாரு?"

லோகப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு ஊட்டம்மாங்க."