கட்டுக்கு மேல் ஈரத்துண்டு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் எனக்கு இடுக்கி வேலை. உருளையிலிருந்து சிவப்பாக வெளியே வரும் இரும்பை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு எல்லோரும் இடுப்பில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வோம். காய்ந்தால் நனைத்து மறுபடி கட்டுவோம். இடுக்கிக் கைப்பிடியில் அவரவர் வீட்டுப் பழந்துணியைச் சுற்றியிருப்போம். துணியைப் பார்த்தாலே யாருடைய இடுக்கி என்று தெரியும்.

வயிறு வலித்தது. உடம்புச் சூடு என்று மோர் குடித்தேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்.

"வெடிச்சப்புறம் வந்திருக்கீங்க. சர்க்கரை இருக்கு, பீடி வேற. புண்ணு சீழ் வைக்க இதுவே போதும். கட்டு நனையக் கூடாது. நான் சொன்னப்புறம் வேலைக்குப் போங்க."

பீடியை விட்டேன். வேலையை விட முடியவில்லை. மேஸ்திரி போன் செய்தார்.

"இன்னாபா, படுத்துக்கினே கீறியா? உன் எடத்துக்கு ஆளு ரெடி. வரியா, அவனையே நிக்க வெச்சிடட்டா?"

"வரேன்" என்றேன்.

மனைவி கேட்டாள். "கட்டு நனையக் கூடாதுன்னாங்களே. அங்க போய் ஈரத்துண்ட கட்டுவியே, இன்னா பண்ணுவ?"

"மேல கவர் சுத்திக்கிறேன்."

"நீ இன்னா பார்சலாய்யா?"

சிரித்தாள். பிறகு அவளே கவரை எடுத்துக் கொடுத்தாள்.

கட்டின் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன் மேல் ஈரத்துண்டைக் கட்டினேன். தண்ணீர் உள்ளே போகவில்லை. வேர்வை வெளியே போகவில்லை. அது எனக்குத் தோன்றவில்லை.

சில நாளில் குளிர் ஜுரம். உலைக்கு முன்னால் நின்றும் நடுங்கினேன். பக்கத்தில் நிற்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கியோ எலி செத்துக் கெடக்குதுபா" என்று தேடினார். நானும் கூடத் தேடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கவரைப் பிரித்தார்.

"இன்னாண்ணா, உள்ள இட்லி வேக வெச்சியா?"

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார்கள். திரும்பத் தைக்கவில்லை. அடியிலிருந்து தானாக ஆறி வர வேண்டுமாம். தினமும் புண்ணுக்குள்ளிருந்து பழைய துணியை உருவிவிட்டுப் புதுத்துணி திணிப்பார்கள். உருவும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

"வளைச்சிடாதண்ணா, அது கவர்மெண்ட் கம்பி" என்பார் நர்ஸம்மா.

மெதுவாகத்தான் ஆறியது. டாக்டரம்மா சரி என்ற பிறகு மில்லுக்குப் போனேன். என் இடுக்கியில் பச்சைப் புடவைத் துணி சுற்றியிருந்தது. நான் சுற்றியது மனைவியின் நீலப் புடவை.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெளிய யார்டுல துண்டுக் கம்பி பொறுக்குறியாபா?"

"சரி" என்றேன்.

யார்டில் வெயில்தான். உலை இல்லை. இடுப்பில் எதுவும் கட்ட வேண்டாம். காலையில் மனைவி பழக்கத்தில் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்துவிடுகிறாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன். மில் வாசல் வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.